மனநலம் பற்றித் தமிழில் எழுத நினைக்கிறேன், எதை எழுதினால் படிப்பவருக்கு உருப்படியாக உதவும்?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு ராத்திரி என் தம்பிக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, விரலெல்லாம் மரத்துப்போய், "அண்ணா, நான் செத்துருவேன் போலிருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். "டென்ஷன்தான், வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பேனிக் அட்டாக் என்ற சொல்லைக்கூட ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் இதே மாதிரி நான்கு தடவை வந்தது, அவன் தனியாக வெளியே போவதையே நிறுத்திவிட்டான்.

நான் தமிழில் தேடினேன். தட்டியது இதுதான்: "திடீர் படபடப்பு சாவு பயம் ஏன்". வந்த கட்டுரைகளில் பாதி "மனித மனம் ஓர் அதிசயம்" என்று ஆரம்பித்தன. நடுவில் பதினைந்து அறிகுறிகள் வரிசையாக. கடைசியில் தியானம் செய்யுங்கள், நேர்மறையாகச் சிந்தியுங்கள், மகிழ்ச்சியாக இருங்கள். மகிழ்ச்சியாக இருக்க முடிந்தவன் ராத்திரி ஒன்றரை மணிக்கு இதை ஏன் தேடப் போகிறான்? யூடியூப் பக்கம் போனால் அதைவிட மோசம், எல்லாம் நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்திவிட்டு ஒரு பொடியை விற்கிறார்கள்.

கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் இரண்டு வரி கிடைத்தது. இந்தப் பயம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும், அப்புறம் தானாக இறங்க ஆரம்பிக்கும் என்று. அடுத்த தடவை வந்தபோது அதை அவனிடம் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஆறாவது நிமிடம் அழுதான். பதினொன்றாவது நிமிடம் தண்ணீர் கேட்டான்.

அந்த இரண்டு வரியைத் தமிழில் யாராவது எழுதி வைத்திருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும். அதனால் நானே எழுதலாமா என்று ஒரு யோசனை. ஆனால் நான் மென்பொருள் சோதிப்பவன், மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. எதை எழுதலாம், எதைத் தொடவே கூடாது? "உங்களுக்கு மனச்சோர்வா, பத்து கேள்விகளில் தெரிந்துகொள்ளுங்கள்" மாதிரி ஏதாவது வைக்கலாமா? தற்கொலை பற்றி எழுதினால் அதுவே யாருக்காவது யோசனை கொடுத்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

————

வார்டு_அக்கா எழுதியது:

தம்பி, நான் 26 வருடம் மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். முதலில் ஒரு விஷயம், உங்கள் தம்பிக்குத் தைராய்டு பார்த்தார்களா? அது அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, கை நடுக்கம் எல்லாம் வரும். பார்க்கவில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எழுதும்போதும் இதை மறக்காதீர்கள், எல்லாவற்றையும் மனசு கணக்கில் எழுதிவிடக் கூடாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் ஒரு குடும்பம்கூட என்னிடம் "சிஸ்டர், மனச்சிதைவு நோய் என்றால் என்ன, அதன் வகைகள் யாவை" என்று கேட்டதில்லை. அவர்கள் கேட்டது வேறு. எனக்கு ஒன்றுமில்லை, நான் வரமாட்டேன் என்கிறான், எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது? பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகத் தன்னை வேவு பார்க்கிறார் என்கிறாள், ஆமாம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா? மாத்திரை போட ஆரம்பித்து எட்டு நாள் ஆகிறது, தூங்கித் தூங்கி வழிகிறானே தவிர ஒரு முன்னேற்றமும் இல்லை, நிறுத்திவிடட்டுமா? இதற்கெல்லாம் தமிழில் பதில் எழுதினால் போதும், மனம் ஓர் அதிசயம் என்பதை வேறு யாராவது எழுதிக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்களை அதிகம் இழந்தோம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை முதல் நாளே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கூட ஆகலாம். ஆனால் குமட்டல், வயிற்றுக் கோளாறு, தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, இதெல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதாவது கெட்டது முதலில், நல்லது அப்புறம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மனிதன் என்ன நினைப்பான்? மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவான். ஆறு மாதம் கழித்து இன்னும் மோசமாகித் திரும்பி வருவான். நான் பார்த்ததில் இப்படி வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. நன்றாக ஆகிவிட்டது என்று சட்டென்று நிறுத்துபவர்கள் இன்னொரு ரகம், அவர்களுக்குத் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் அடித்த மாதிரி ஒரு உணர்வு எல்லாம் வரும், படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லி. இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் என்றால் ஆரம்ப வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், சாக வேண்டும் என்ற எண்ணம் சிலருக்கு அந்தக் கட்டத்தில் கூடலாம். அமெரிக்காவில் 2004-லேயே சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் மருந்து அட்டையில் இந்த எச்சரிக்கையைப் போட வைத்தார்கள், 2007-ல் அதை 24 வயது வரை நீட்டினார்கள். பயமுறுத்துவதற்காக இல்லை, முதல் சில வாரம் வீட்டில் ஒருவர் தினமும் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேவு பார்க்கிறார்கள் என்று சொல்பவரிடம் வாதாடாதீர்கள், ஒத்துப் பாடவும் வேண்டாம். "அப்படித் தோன்றினால் ரொம்பப் பயமாகத்தான் இருக்கும், ராத்திரி தூங்கினாயா?" என்று அந்தப் பயத்தோடு பேசுங்கள். தூக்கத்துக்காக மருத்துவரிடம் வரச் சம்மதிப்பவர்கள் நிறையப் பேர், பைத்தியத்துக்காக வா என்றால் எவரும் வரமாட்டார்கள். சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கும் வீடுகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒரு அம்மா அப்படிக் கொடுத்து, மகன் அதைக் கண்டுபிடித்து, அப்புறம் அவன் அம்மா கையால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சந்தேகமே நோயாக இருப்பவனிடம் அந்தச் சந்தேகத்தை உண்மையாக்கிக் காட்டினால் வேறென்ன ஆகும்.

————

சொல்தேடி எழுதியது:

நான் மொழிபெயர்ப்பாளர். எழுதுவதற்கு முன் சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள், தமிழில் இந்த இடத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது.

"மன அழுத்தம்" என்று எழுதினால் அது எதைக் குறிக்கிறது? ஒருவர் அலுவலக ஸ்ட்ரெஸ்ஸை அப்படி எழுதுகிறார், இன்னொருவர் டிப்ரஷனை அப்படி எழுதுகிறார், சில இடங்களில் ஒரே கட்டுரைக்குள்ளேயே முதல் பத்தியில் ஒன்றும் மூன்றாம் பத்தியில் மற்றதும். இரண்டும் வேறு. டிப்ரஷன் என்று சொல்ல, மனம் வெறுமையாகி, எதிலும் பிடிப்பில்லாத நிலை நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும் என்று அளவு இருக்கிறது. வேலை முடிந்து விடுமுறை வந்தால் போய்விடும் அழுத்தத்தையும் இதையும் ஒரே சொல்லால் அழைத்தால், நோயில் இருப்பவரிடம் "எல்லாருக்கும்தான் மன அழுத்தம் இருக்கு" என்று சொல்வது ரொம்பச் சுலபமாகிவிடுகிறது. நான் டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்றே எழுதுகிறேன், முதல் தடவை வரும்போது "டிப்ரஷன் என்று சொல்கிறார்களே, அது" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவேன்.

அடுத்தது "மனச்சிதைவு", ஸ்கிட்சோஃப்ரீனியா என்கிறார்களே, இல்லாத குரல் கேட்பது, யாரோ வேவு பார்ப்பதாக நம்புவது எல்லாம் வரும் நோய், அது. இதைப் படிப்பவருக்கு மனசு இரண்டாகப் பிளந்து இரண்டு ஆளாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது, நோய் அது இல்லவே இல்லை. ஜப்பானிலும் இதே பிரச்சினைதான், அவர்கள் மொழியிலும் அந்தப் பெயருக்கு மனம் பிளந்த நோய் என்றுதான் பொருள். நோயாளிகளின் குடும்பங்கள் பல வருடம் கேட்டுக் கேட்டு, 2002-ல் பெயரையே மாற்றினார்கள், ஒருங்கிணைப்பு தவறுவது என்ற பொருளில். அதற்கு முன் மருத்துவர்களே நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லத் தயங்கினார்கள், மாற்றிய பிறகு சொல்வது கூடியது. ஒரு சொல்தானே என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் நீங்கள் தேடிய அந்த வரி, "திடீர் படபடப்பு சாவு பயம் ஏன்". அதைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் தலைப்பு! ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்று ஒரு சொல் உண்டு, அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். வந்தவர்களிடம் அவர்கள் டிப்ரஷன் என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை, குஃபுங்கிசிசா என்ற வார்த்தையில்தான் பேசினார்கள். நம் ஆட்களும் "மனசு சரியில்ல", "ஒரே யோசனையா ஓடுது", "நெஞ்சுல பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பில்ல" என்றுதான் சொல்வார்கள், தேடுவார்கள். அங்கிருந்து ஆரம்பித்து, மருத்துவப் பெயரை அப்புறம் சொல்லுங்கள்.

————

நேர்கோடு எழுதியது:

எல்லாரும் ஊக்கப்படுத்துகிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். மருத்துவம் படிக்காதவர்கள் இதை எழுதவே கூடாது. 2022-ல் கனடா ஆய்வாளர்கள் டிக்டாக்கில் ஏடிஎச்டி (கவனம் ஒன்றில் நிலைக்காத கோளாறு) பற்றி அதிகம் பார்க்கப்பட்ட 100 வீடியோக்களை எடுத்துப் பார்த்தார்கள். 52 தவறான தகவல். அதில் பெரும்பாலானவற்றைப் போட்டவர்கள் உங்களைப் போல மருத்துவத் துறையில் இல்லாதவர்கள்தான். சாவியை மறந்து வைப்பது, பேசும்போது கவனம் சிதறுவது, இதெல்லாம் நோயாகி இப்போது என் அலுவலகத்தில் நாலு பேருக்கு ஏடிஎச்டி, எவரும் மருத்துவரைப் பார்த்ததில்லை.

————

பயிற்சிக்காரி எழுதியது:

நேர்கோடு சார் சொல்வதில் பாதி சரி. நான் மருத்துவ உளவியலில் பயிற்சியில் இருக்கிறேன், எங்களிடம் வரும் இளைஞர்களில் பலர் நோயின் பெயரோடுதான் வருகிறார்கள். ஆனால் சார், அந்த ஆய்விலேயே மருத்துவத் துறையினர் போட்ட வீடியோக்கள் எத்தனை குறைவு என்றும் பாருங்கள். தெரிந்தவர்கள் எழுதாத இடத்தைத்தான் மற்றவர்கள் நிரப்புகிறார்கள். சொல்தேடி குறிப்பிட்ட அந்தப் பாட்டிமார்கள் மருத்துவர்கள் இல்லை, ஆனாலும் அவர்களிடம் போனவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் குறைந்திருந்தன என்று 2016-ல் முறையான ஒரு ஆய்வு வந்தது. அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, மேலே பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது, தன்னால் முடியாதவர்களை அனுப்பி வைக்க இடம் இருந்தது. மொட்டைமாடி, நீங்களும் எழுதுவதை ஒரு மனநல மருத்துவரோ உளவியலாளரோ படித்துப் பார்க்காமல் வெளியிட வேண்டாம். யார் சரிபார்த்தார்கள், எந்தத் தேதியில் என்று மேலேயே போட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022-ல் 11-வது பதிப்புக்கு மாறியாயிற்று, ஆனால் பழைய பெயர்களோடு தேதி இல்லாத கட்டுரைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கேள்வித்தாள் வைக்கலாமா என்று கேட்டீர்கள். சொந்தமாக உருவாக்க வேண்டாம், தயவுசெய்து. பிஎச்க்யூ-9 என்று மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது, 2001-லிருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது, இலவசம். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10-ம் அதற்கு மேலும் வந்தால் ஒருவரைப் போய்ப் பார்ப்பது நல்லது என்று வைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், 10 வந்தால் நோய் உறுதி என்று இல்லை, 7 வந்தால் ஒன்றுமில்லை என்றும் இல்லை. ஆனால் ஆன்லைனில் இதை வைப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது ஒன்பதாவது கேள்வியில். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது அந்தக் கேள்வி. ஒருவர் மொத்தம் 6 எடுத்து, அதில் 2 இந்தக் கேள்வியிலிருந்து வந்திருக்கலாம். அவருக்கு "லேசான அறிகுறிகள்தான், நல்ல பழக்கங்களைக் கடைப்பிடியுங்கள்" என்று பச்சை நிறத்தில் ஒரு செய்தி வரும். நான் இதைச் சில இடங்களில் வேண்டுமென்றே போட்டுப் பார்த்தேன், வந்தது. நீங்கள் சோதிப்பவர்தானே, இதைவிட மோசமான மென்பொருள் பிழை ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் உடனே உதவி எண்ணும் ஒரு மனிதரோடு பேசச் சொல்லும் வரியும் திரையில் வர வேண்டும்.

அந்தப் பதில்களைச் சேமித்து வைக்காதீர்கள், விளம்பர நிரல் எதையும் அந்தப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். 2019-ல் பிரைவசி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு ஐரோப்பாவில் மனச்சோர்வு பற்றிய 136 பக்கங்களைச் சோதித்தபோது, பெரும்பாலானவை வருபவரைப் பற்றிய தகவலை மூன்றாம் ஆட்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமா என்றால், வராது. உலக சுகாதார நிறுவனமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது, நேரடியாகக் கேட்பது பெரும்பாலும் அவருக்கு ஒரு ஆறுதல். எழுதுவதில்தான் ஜாக்கிரதை வேண்டும், எப்படி, எங்கே, எதனால் என்ற விவரம் வேண்டாம், "காதல் தோல்வியால்", "பரீட்சையில் தோற்றதால்" என்று ஒற்றைக் காரணத்தைக் கட்டிவிட வேண்டாம். வியன்னாவில் 1987-ல் பத்திரிகைகளுக்கு இப்படி ஒரு வழிகாட்டுதல் கொடுத்தார்கள், செய்திகள் அடங்கின, அந்த நகரத்தில் ஒரு குறிப்பிட்ட வகைத் தற்கொலை சட்டென்று குறைந்தது. எந்த வகை என்று நான் எழுதவில்லை பாருங்கள், அதுதான் விஷயம். அந்த எண்ணத்தோடு போராடி எப்படியோ தாண்டி வந்தவர்களின் கதையை எழுதுங்கள், அப்படிப்பட்ட செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைவதாக அதே ஆஸ்திரியாவில் 2010-ல் ஒரு ஆய்வு வந்தது.

————

சுழல் எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை, நோயாளி. ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பாடாய்ப் படுத்தும் நோய், பதினான்கு வருடமாக.

எனக்குக் கை கழுவும் ஓசிடி இல்லை. குழந்தை பிறந்து மூன்று மாதத்தில், குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் நான் அவளை ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு எண்ணம் மின்னல் மாதிரி வரும். அதை யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தேடினேன், தேடிய வார்த்தைகளை உடனே அழித்தேன், போலீஸ் பார்க்குமோ என்று பயம். ஓசிடி பற்றித் தமிழில் கிடைத்ததில் எல்லாம் கை கழுவுவது, கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்ப்பது. அதனால் எனக்கு இருப்பது நோய் என்றே தெரியவில்லை, நான் கொலைகாரன் என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு வருடம் என் மகளைத் தனியாகத் தூக்கவில்லை.

பின்னால் ஒரு உளவியலாளர் சொன்னார், இந்த நோயில் வரும் எண்ணங்கள் பெரும்பாலும் ஒருவர் மனதார வெறுக்கும் விஷயமாகவே இருக்கும், அந்த எண்ணம் உங்களை இவ்வளவு பதற வைக்கிறது என்பதே நீங்கள் அதைச் செய்ய விரும்பவில்லை என்பதைத்தான் காட்டுகிறது என்று. அந்த வாக்கியத்தை எழுதுங்கள். கை கழுவுவதற்கு முன்னால் எழுதுங்கள்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் எழுதுவதில்லை. அந்த வாக்கியம் தெரிந்த பிறகு நான் அதையே நாற்பது தடவை படிப்பேன். படித்தால் ஐந்து நிமிடம் நிம்மதி, அப்புறம் "ஒருவேளை எனக்கு மட்டும் அப்படி இல்லையோ" என்று மறுபடி தேடுவேன். ஆன்லைன் டெஸ்ட் ஒன்றை ஒரே நாளில் பதினொரு தடவை எழுதியிருக்கிறேன். தகவல் தேடுவதே எனக்குக் கை கழுவுவது மாதிரி ஆகிவிட்டது, சிகிச்சையில் முதலில் செய்யச் சொன்னதே தேடாமல் இருப்பதுதான், அந்தச் சந்தேகத்தை அப்படியே கிடக்க விட்டுப் பழகுவது. அதனால் உங்கள் பக்கத்தில் எங்காவது "இதை நீங்கள் இன்று மூன்றாவது தடவை படிக்கிறீர்கள் என்றால் மூடிவிடுங்கள், இதில் புதிதாக ஒன்றும் வராது" என்று ஒரு வரி போடுங்கள். எனக்கு அது தேவைப்பட்டது.

உங்கள் தம்பிக்கும் ஒன்று. கடிகாரம் முதல் சில தடவைக்கு நல்லதுதான். கடிகாரம் இல்லாமல் வெளியே போகமாட்டேன் என்ற நிலைக்கு வந்துவிட்டால் அதுவே அடுத்த தொல்லை.

————

மொட்டைமாடி எழுதியது:

சுழல், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதைப் பொதுவில் எழுதியதற்கு நன்றி. கடிகார விஷயம் உண்மை, அவன் இப்போது கையில் வாட்ச் இல்லாமல் படி இறங்குவதில்லை, நான் அதை நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! அடுத்த வாரம் உளவியலாளரிடம் போகிறோம், சொல்கிறேன். அக்கா, தைராய்டு பார்க்கவில்லை, நாளைக்கே கொடுக்கச் சொல்கிறேன்.

ஐந்தாறு கட்டுரை ஒன்றாக எழுதும் யோசனையை விட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று, எனக்குத் தெரிந்தது. தலைப்பு "திடீர் படபடப்பு, சாவு பயம்: இப்போது என்ன செய்வது". தொடக்கம் இப்படி எழுதியிருக்கிறேன், அடித்துத் திருத்துங்கள்:

"நெஞ்சு படபடக்கிறதா, மூச்சு முட்டுகிறதா, இந்த நிமிடமே செத்துவிடுவோம் என்று தோன்றுகிறதா? இப்படி வருவது இதுதான் முதல் தடவை என்றால், அல்லது வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் வந்தால், படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்கனவே சோதித்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்து, அதே மாதிரி மறுபடி வந்திருந்தால், இது பேனிக் அட்டாக்காக இருக்கலாம். இதனால் நீங்கள் சாக மாட்டீர்கள், பைத்தியமும் ஆக மாட்டீர்கள். இது நிச்சயம் பத்து நிமிடத்தில் போய்விடும். மூச்சை நன்றாக ஆழமாக இழுத்து விடுங்கள். எங்காவது உட்காருங்கள்."

கீழே உதவி எண்கள், ஒவ்வொன்றையும் நானே அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். ஒரு இடத்தில் பார்த்த மூன்று எண்ணில் இரண்டு உபயோகத்தில் இல்லை. மாதம் ஒரு தடவை மறுபடி அழைத்துச் சரிபார்க்க நாட்காட்டியில் போட்டு வைத்துவிட்டேன்.

————

பயிற்சிக்காரி எழுதியது:

நன்றாக இருக்கிறது, சின்னதாக இருப்பதே நல்லது, அந்த நேரத்தில் ஒருவரால் நாலு வரிக்கு மேல் படிக்க முடியாது. மூச்சு வரியை மட்டும் மாற்றுங்கள். வேகவேகமாக ஆழமாக மூச்சு இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரப்பு, தலைசுற்றல் இன்னும் கூடும், உங்கள் தம்பிக்கு விரல் மரத்ததே அதனால்தான் இருக்கும். இழுப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் "மெதுவாக வெளியே விடுங்கள்" என்று மட்டும் போடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனையை யாராவது கருத்தில் எழுதினால், வேண்டாம் என்று பதில் போடுங்கள், அது பாதுகாப்பானது இல்லை.

————

வார்டு_அக்கா எழுதியது:

தம்பி, "நிச்சயம் பத்து நிமிடத்தில் போய்விடும்" என்பதில் அந்த நிச்சயத்தை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்குள் உச்சம் வரும் என்பதுதான் சரி, முழுக்க அடங்க அரை மணியும் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நீங்கள் பத்து என்று எழுதினால் பன்னிரண்டாவது நிமிடம் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் எனக்கு வந்திருப்பது வேறு ஏதோ என்று நினைப்பார். அங்கிருந்து மறுபடி முதலிலிருந்து ஏறும்.

————

மொட்டைமாடி எழுதியது:

மாற்றிவிட்டேன் அக்கா. "பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சிலருக்கு நேரம் கூட ஆகும், அதுவும் வழக்கமானதுதான்" என்று இருக்கிறது இப்போது. சுழல் சொன்ன மூன்றாவது தடவை வரியையும் சேர்த்துவிட்டேன். உளவியலாளர் படித்துப் பார்த்த பிறகு தேதி போட்டு வெளியிடுகிறேன்.